ஓ பாசிட்டிவ்வுக்கு ஓ பாசிட்டிவ் சேராத கதை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம். பொறுத்துக்குங்க.

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு நண்பரோட அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேஷன். ஓ பாசிட்டிவ் ரத்தம் வேணும்னு தகவல் வந்தது. நாங்க ஆறு பேர், எல்லாருமே ஓ பாசிட்டிவ், கிளம்பிப் போனோம். ரத்த வங்கியில முதல்ல ஆளுக்குக் கொஞ்சம் சாம்பிள் எடுத்தாங்க. வெளியே போய் டீ குடிச்சிட்டு வந்து கேட்டா, ஆறு பேர்ல ஒருத்தர் ரத்தம் மட்டும்தான் சேருதாம். மத்தவங்க வீட்டுக்குப் போகலாமாம்.

எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துடுச்சு. "ஓ பாசிட்டிவ்வுக்கு ஓ பாசிட்டிவ் எப்படிங்க சேராம போகும்?"னு கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன். லேப்ல இருந்த அக்கா நிதானமா சொன்னாங்க: "உங்க க்ரூப்ல தப்பு ஒண்ணும் இல்ல சார். அந்தம்மாவுக்கு ஜேகே-ஏ ஆகாது. உங்ககிட்ட அது இருக்கு."

ஜேகே-ஏவா? அப்படி ஒண்ணை நான் கேள்விப்பட்டதே இல்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அந்த 'ஜேகே' ஒரு குழந்தையோட இனிஷியல்னு தெரிஞ்சப்போ விட முடியலை. அன்னிக்கு ஆரம்பிச்ச தேடல்தான் இது.

முதல்ல அடிப்படை. சிவப்பணுவின் மேல்தோலில் சர்க்கரையாகவோ புரதமாகவோ சில அடையாளங்கள் இருக்கும். அதுதான் ஆன்டிஜென். நம்மகிட்ட இல்லாத அடையாளத்தோடு ஒரு அணு உள்ளே வந்தால், உடம்பு அதை எதிர்த்து உண்டாக்கும் ஆயுதம் ஆன்டிபாடி. வியன்னாவில் லேண்ட்ஸ்டைனர் 1901ல் ஏ, பி, ஓ பிரிவுகளைச் சொன்னார், 1930ல் நோபல் பரிசு வாங்கினார். பள்ளிக்கூடப் பாடம் அங்கே ஆரம்பிச்சு ஆர்எச்சோட முடிஞ்சுடும். ஆனா இன்னிக்குச் சர்வதேச அளவில் அங்கீகரிக்கப்பட்ட ரத்த வகை அமைப்புகள் 45க்கும் மேல், ஆன்டிஜென்கள் 350க்கும் மேல். ஏபிஓ, ஆர்எச் ரெண்டையும் கழிச்சுட்டு மத்ததையெல்லாம் பொதுவா 'மைனர்' க்ரூப்னு சொல்றாங்க.

நான் லேப்ல கேட்ட அதே கேள்வியை 1937லேயே நியூயார்க்கில் ஒரு சம்பவம் கேட்டிருக்கு. ஒரு பெண்ணுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. ரத்தம் நிறையப் போச்சு. அவங்க ஓ, கணவரும் ஓ. கணவர் ரத்தத்தையே ஏத்தினாங்க. ஏத்தின உடனே குளிரும் வலியுமா மோசமான எதிர்விளைவு. பிலிப் லெவின் அந்தப் பெண்ணின் சீரத்தை எடுத்துச் சோதிச்சப்போ, சேரவேண்டிய 104 சாம்பிளில் 80ஐ அது திரியவைத்தது. வயித்தில இருந்த குழந்தை அப்பாவிடமிருந்து வாங்கிய ஏதோ ஒரு அடையாளத்தை எதிர்த்துத் தாயின் உடம்பு ஆன்டிபாடி செய்திருக்குன்னு லெவினும் ஸ்டெட்சனும் 1939ல் எழுதினாங்க. எல்லாம் சரியா எழுதினாங்க, அந்த அடையாளத்துக்கு ஒரு பேர் மட்டும் வைக்கலை. அடுத்த வருஷம் லேண்ட்ஸ்டைனரும் வீனரும் ரீசஸ் குரங்கை வெச்சு 'ஆர்எச்'னு ஒரு பேர் வெச்சாங்க. அதுவே நிலைச்சுடுச்சு. குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாயின் ரத்தத்தில் தெரியவந்த விஷயத்துக்குக் கடைசியில குரங்கு பேர்!

அடுத்த சிக்கல், இந்த மாதிரி ஆன்டிபாடி பலதும் கண்ணுக்கே தெரியாது. ஏபிஓ ஆன்டிபாடி அணுக்களைப் பிடிச்சு இழுத்துக் கட்டியாக்கிடும், கண்ணாடித் துண்டில் பளிச்சுனு பார்க்கலாம். ஆனா வேற சிலது அணு மேல போய் ஒட்டிக்கும், பக்கத்து அணுவை எட்டிப் பிடிக்கற அளவுக்கு நீளம் பத்தாது. சோதனைக் குழாயில் எல்லாம் சாதுவா இருக்கும். உடம்புக்குள்ள போனதும்தான் வேலையைக் காட்டும்.

இதுக்கு வழி கண்டவர் ராபின் கூம்ஸ். படிச்சது கால்நடை மருத்துவம். போர்க்கால இருட்டடிப்பில் மங்கலான விளக்கு எரிஞ்ச ரயிலில் லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜ் திரும்பும்போது அவருக்குப் பொறி தட்டினதா அவரே சொல்லியிருக்கார். ஆன்டிபாடியும் ஒரு புரதம்தானே? மனித குளோபுலினை முயலுக்குப் போட்டால், முயல் அதுக்கு எதிரா ஒரு ஆன்டிபாடி செய்யும். அந்த முயல் சீரத்தை ஊத்தினா, அணு மேல ஒட்டியிருக்கற ஆன்டிபாடிகளை அது ஒண்ணோட ஒண்ணு பாலம் போட்டு இணைக்கும், அணுக்கள் கட்டியாகும். 1945ல் மோரன்ட், ரேஸ் ரெண்டு பேரோடும் சேர்ந்து வெளியிட்டார். இதே தத்துவத்தை 1908லேயே மோரெஸ்கி எழுதி வெச்சிருந்தார், அப்போ யாரும் கண்டுக்கலை. கூம்ஸ் டெஸ்ட்னு இன்னிக்கும் உலகம் பூரா ரத்த வங்கிகளில் நடக்கறது இதுதான்.

டெஸ்ட் வந்ததும் ஒவ்வொண்ணா வெளியே வர ஆரம்பிச்சது. 1946ல் இங்கிலாந்தில் ஒரு தாய். பிறந்த குழந்தைக்கு ரத்தச் சிதைவு. ஆர்எச் காரணமில்லை. தாயின் சீரம் கணவர், மூத்த பெண், புதுக்குழந்தை மூணு பேர் அணுக்களோடும் சேர்ந்தது. அந்தத் தாயின் குடும்பப் பேரில் முன்பாதியை எடுத்து 'கெல்'னு வெச்சாங்க. ஐரோப்பியர்களில் சுமார் 9 சதவீதம் பேரிடம் மட்டும்தான் இந்த ஆன்டிஜென் உண்டு. ஆனா ஆபத்தில் இது சின்ன ஆள் இல்லை. கெல் ஆன்டிபாடி குழந்தையின் சிவப்பணுவை அழிக்கறதோட நிக்காம, அணு உற்பத்தியையே அடக்கிவைக்குதுன்னு 1998ல் ஒரு ஆய்வு காட்டியது. அதனாலதான் பிரிட்டனில் பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களுக்கு கெல் இல்லாத ரத்தமாப் பார்த்து ஏத்தறாங்க.

அடுத்தது 1950, டஃபி. இவர் ஹீமோஃபீலியா நோயாளி. பல வருஷமா ரத்தம் ஏத்திக்கிட்டே இருந்தவர். ஒரு தடவை ஏத்தினபிறகு மஞ்சள் காமாலை. மேரி கட்புஷ், மோலிசன், பார்கின் மூணு பேரும் அவர் சீரத்தில் புது ஆன்டிபாடி கண்டாங்க. அவர் பேரே அமைப்பின் பேர். அந்தப் பேரின் கடைசி ரெண்டு எழுத்தை எடுத்து ஆன்டிஜெனை எஃப்ஒய்-ஏன்னு குறிச்சாங்க. மறு வருஷமே ஜோடியான எஃப்ஒய்-பி வந்தது.

1955ல் ரூத் சாங்கர் குழு ஒரு விசித்திரத்தைக் கவனிச்சது. நியூயார்க் கறுப்பினத்தவரில் பெரும்பாலானவர்களிடம் ஏவும் இல்லை, பியும் இல்லை. ஏன்? பதில் வேற திசையில் இருந்தது. விவாக்ஸ் மலேரியா கறுப்பினத்தவர்களைச் சுலபத்தில் பிடிக்கறதில்லைன்னு 1930களிலேயே மருத்துவர்கள் எழுதியிருந்தாங்க. 1970களில் அமெரிக்காவில் லூயி மில்லர் ரெண்டு முடிச்சையும் இணைத்தார். விவாக்ஸ் கிருமி உள்ள கொசுக்களை 17 தன்னார்வலர்களைக் கடிக்க விட்ட ஆய்வு 1976ல் வெளிவந்தது. நோய் பிடிக்காதவங்க அஞ்சே பேர். அந்த அஞ்சு பேரும் டஃபி இல்லாதவங்க! அணுவுக்குள் நுழைய அந்தக் கிருமி பிடிக்கற கைப்பிடியே டஃபி புரதம்தான். கைப்பிடி இல்லாத கதவு திறக்கலை. 1995ல் காரணமும் தெரிஞ்சது. மரபணுவின் சுவிட்சில் ஒரே ஒரு எழுத்து மாற்றம், அதனால் சிவப்பணுவில் மட்டும் அந்தப் புரதம் உருவாகறதில்லை. (கிருமியும் சும்மா இல்லை. டஃபி இல்லாதவர்களிடமும் விவாக்ஸ் தொற்று இருப்பதை மடகாஸ்கரில் பார்த்து 2010ல் எழுதினாங்க.)

ஹீமோஃபீலியாவோடு போராடிய ஒருத்தருக்கு ஏத்தின ரத்தம் ஒத்துக்கலை. அந்த ஒரு நூலைப் பிடிச்சுக்கிட்டே போனா, ஆப்பிரிக்காவில் மலேரியா மனுஷங்களைச் சல்லடை போட்ட ஆயிரக்கணக்கான வருஷக் கதை வருது. இதை 'மைனர்'னு சொல்ல எனக்கு மனசு வரலை.

இப்போ நம்ம ஜேகே. 1951, பாஸ்டன். ரத்தச் சிதைவோடு பிறந்த ஒரு குழந்தையின் தாயிடம் ஆலன், டயமண்ட், நீட்ஸியெலா மூணு பேரும் புது ஆன்டிபாடி கண்டாங்க. குடும்பப் பேர் கிட். 'கே' எழுத்தை கெல் ஏற்கெனவே எடுத்துக்கிச்சு. அதனால குழந்தையின் இனிஷியலையே வெச்சு ஜேகே-ஏ. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் இந்த ஆன்டிஜென் உண்டு. ஆறு பேர்ல அஞ்சு பேர் திருப்பி அனுப்பப்பட்ட கணக்கு இப்போ சரியா வருதா?

கிட் ஆன்டிபாடிக்கு ரத்த வங்கிக்காரங்க மத்தியில் துரோகின்னு கெட்ட பேர். காரணம் இருக்கு. ஒரு தடவை ரத்தம் ஏத்தினதாலோ பிரசவத்தாலோ அது உருவாகும். சில மாசத்தில் டெஸ்ட்டில் அகப்படாத அளவுக்குக் குறைஞ்சுடும். வருஷம் கழிச்சு மறுபடி ரத்தம் தேவைப்படும்போது ஸ்க்ரீனிங் சுத்தமா வரும், கிராஸ் மேட்ச் சரியா இருக்கும், ஏத்துவாங்க. ஆனா உடம்பு மறக்கலை. சில நாளிலேயே ஆன்டிபாடி வெள்ளமாப் பெருகி ஏத்தின அணுக்களை உடைக்கும். ஹீமோகுளோபின் இறங்கும், காமாலை வரும், சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கலாம். ஒரு வாரம் கழிச்சு நடக்கறதால, ரத்தம் ஏத்தினதுதான் காரணம்னு சட்டுனு தோணவும் தோணாது.

நண்பரோட அம்மாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி கர்ப்பப்பை ஆபரேஷனில் ரத்தம் ஏத்தியிருந்தாங்க. ஆன்டிபாடி அப்போ உருவாகியிருக்கலாம். இந்தத் தடவை மிச்சம் மீதி இருந்ததை அந்த அக்கா கூம்ஸ் முறையில் பிடிச்சுட்டாங்க. நான் கத்திக்கிட்டு இருந்த அந்த அரைமணி நேரத்தில், என் ரத்தம் அந்தம்மா உடம்புக்குள்ள போகாம தடுத்துக்கிட்டு இருந்தாங்க. இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி சரியாத் தூக்கம் வரலை, உண்மையாத்தான் சொல்றேன்.

நம்ம ஊர் பேரிலும் ஒண்ணு இருக்கு. 1973ல் பம்பாயில் படகேரே குழுவினர் ஒரு புது ஆன்டிஜெனைக் கண்டாங்க. அமைப்பின் பேரே 'இந்தியன்'. ஐஎன்-ஏ இந்தியர்களில் நூத்துக்கு மூணு நாலு பேரிடம் உண்டு. ஜோடியான ஐஎன்-பி கிட்டத்தட்ட எல்லாரிடமும் உண்டு. அது இல்லாத அபூர்வமான ஒருத்தருக்கு எதிர் ஆன்டிபாடி உருவாகிட்டா, அவருக்கு ரத்தம் தேடறது வைக்கோல்போரில் ஊசி தேடற வேலை.

மைனர்ங்கறது பாடப் புத்தகத்தில் எவ்வளவு இடம் கிடைச்சதுங்கற கணக்கு மட்டும்தான். ஆயுசுக்கும் ஒரு தடவையோ ரெண்டு தடவையோ ரத்தம் ஏத்திக்கறவங்களுக்குப் பெரும்பாலும் இதெல்லாம் குறுக்கே வராது. மாசா மாசம் ஏத்திக்கற தலசீமியா குழந்தைக்கு வரும். ஒவ்வொரு பையிலும் ஏதாவது ஒரு புது அடையாளம் உள்ளே போகும், அதனால கெல், டஃபி, கிட் வரைக்கும் பார்த்துப் பொருத்தமான ரத்தம் தேடணும்.

முடிவா ஒரே ஒரு விஷயம். டிஸ்சார்ஜ் ஆகும்போது நண்பர் கையில் அந்த அக்கா ஒரு சின்னச் சீட்டு குடுத்தாங்க. 'ஜேகே-ஏ ஆன்டிபாடி உண்டு'ன்னு எழுதி சீல் வெச்சது. "அடுத்த தடவை டெஸ்ட்ல தெரியாம போகலாம் சார், இந்தச் சீட்டைக் காட்டுங்க"ன்னாங்க. நண்பர் அதை லேமினேட் பண்ணி, ஒரு காப்பியை அம்மா பர்ஸிலும் ஒண்ணைத் தன் பர்ஸிலும் வெச்சிருக்கார். உங்க வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு சீட்டு குடுத்திருந்தா, எங்கே இருக்குன்னு இன்னிக்கே தேடி எடுத்து வைங்க.

அப்புறம், ரத்தம் குடுக்கப் போய் "உங்களுது சேரலை"ன்னு சொன்னாங்கன்னா, என்னை மாதிரி சண்டை போடாம டீ குடிச்சிட்டு வீட்டுக்கு வாங்க :-)