வளர்ப்பும் தீண்டாமையும்: மீனாட்சிபுரம் எல்லைப் பகுதியை முன்வைத்து

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே பாலக்காட்டுக் கணவாய்க்குள் செல்வோர் தமிழக எல்லையைக் கடந்தவுடன் அடையும் ஊர் மீனாட்சிபுரம். சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரும், கோவிந்தாபுரம், முதலமடை, கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்களும் தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் பகுதியாகும். நாட்டு விடுதலைக்கு முன்னர்ச் சித்தூர் வட்டம் கொச்சி அரசின்கீழும், பாலக்காடு நகரம் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின்கீழும், பொள்ளாச்சி கோயம்புத்தூர் மாவட்டத்தின்கீழும் இருந்தன. ஆட்சி மூன்றாக இருப்பினும் சாதி வழக்கங்களுக்கு எல்லை இருந்ததில்லை. கேரளத்து அயித்தமும் கொங்கு நாட்டுப் பண்ணயமும் இங்கு அருகருகே நிலைபெற்றன. இவ்வழக்கங்கள் ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் குழந்தை வளர்ப்பின் வழியே எவ்வாறு கைமாறின என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சொல்லும் தீண்டாமையும்

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிப் பகுதிகளில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்குரிய சட்டப் பாதுகாப்பை நீக்கியது. கொச்சி அரசு 1854இல் அடிமை முறையை ஒழித்தது. நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட செறுமரும் புலையரும் சட்டத்தின் பார்வையில் விடுதலை பெற்றனர். ஆயினும் அவர்கள் பேச வேண்டியிருந்த மொழி மாறவில்லை. உயர்சாதியினர் முன் 'நான்' என்னும் சொல்லை அவர்கள் ஆளக்கூடாது. 'அடியன்' என்றே கூற வேண்டும். தம் சோற்றைச் சோறு எனக் கூறாமல் கரிக்காடி எனவும், தம் குழந்தைகளைக் கன்று, குரங்கு என்னும் பொருள்படும் சொற்களாலும் குறிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பகுதியைக் கண்டெழுதிய ஐரோப்பியர் இவற்றைப் பதிவு செய்துள்ளனர். பாலக்காட்டு அக்கிரகாரத்தில் பிறந்த எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் 1909இலும் 1912இலும் வெளியிட்ட கொச்சிக் குலங்களும் சாதிகளும் பற்றிய நூலும் தீண்டாமைத் தொலைவுகளை விரித்துரைக்கிறது.

அறிஞர் பலரும் இச்சொற்களை அடிமைப்பட்டோர் மீது சுமத்தப்பட்ட இழிவு என்ற அளவிலேயே நோக்குவர். அது சரியே. ஆனால் இச்சொற்களைக் கேட்டு வளர்ந்த மற்றொரு குழந்தையும் உண்டு. தன் பாட்டன் வயதுடைய ஒருவர் தன்னைத் 'தம்புரான்' என விளிப்பதையும், தான் அவரை ஒருமையில் அழைப்பதை வீட்டார் இயல்பாகக் கொள்வதையும் கண்டு வளர்ந்த நிலவுடைமைக் குடும்பத்துப் பிள்ளை அது. அப்பிள்ளைக்கு வெறுப்பை எவரும் பாடமாக நடத்தியதில்லை. முன்னிலைப் பெயர்களைக் கற்கும்போதே எவரை நீ என்பது, எவரை நீங்கள் என்பது என்ற வகைப்பாட்டையும் அது கற்றுவிடுகிறது. இலக்கணம் படிப்பதற்குப் பல்லாண்டுகள் முன்னரே பயின்ற இலக்கணம் இது.

அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் வெளியிட்ட 'தப்பெண்ணத்தின் இயல்பு' என்னும் நூலில் குழந்தை முதலில் உணர்ச்சி தோய்ந்த சொல்லையே கற்கிறது என்பார். அச்சொல் எவரைச் சுட்டுகிறது என்பது பின்னரே அதற்குத் தெளிவாகிறது. கென்னத் கிளார்க், மாமி கிளார்க் இணையர் 1940களில் பொம்மைகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகள், கறுப்பினக் குழந்தைகளிற் பலர் மிக இளம் அகவையிலேயே வெண்ணிறப் பொம்மையை நல்லதெனத் தேர்ந்ததைக் காட்டின. வெறுப்பவர் மட்டுமன்றி வெறுக்கப்படுபவரும் அதே சொல்லுலகில் வளர்கின்றனர் என்பதை இதனால் உணரலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறப் பிரிவினையை நீக்கிய 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இவ்வகை ஆய்வுகள் சுட்டப்பட்டன.

பண்ணயமும் விளையாட்டும்

கொங்கு நாட்டில் நிலைமை சற்று வேறுபட்டது. அடிக்கணக்கில் விலகி நிற்கும் அயித்தம் இங்கு முதன்மையானதன்று. கவுண்டர் தோட்டத்தில் ஆண்டுக் கூலிக்கு அமர்த்தப்பட்ட சக்கிலியர் சிறுவர் பகல் முழுவதும் அத்தோட்டத்திலேயே இருந்தனர். வேலை, விளையாட்டு, வசவு எல்லாம் அருகிலேயே நிகழ்ந்தன. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) நாவல் இவ்வுறவை நுட்பமாகக் காட்டுகிறது. ஆடு மேய்க்கும் கூளையனும் பண்ணயக்காரர் மகன் செல்வனும் சேர்ந்து விளையாடுகின்றனர். இரவில் பட்டிக் காவலில் உடனிருக்கின்றனர். ஆயினும் விளையாட்டில் பிணக்கு நேரும்போது செல்வன் கவுண்டராகிவிடுகிறான். நட்புக்கும் அதிகாரத்துக்கும் இடையே அவன் ஊசலாடுவதில்லை. வேண்டும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்கிறான் என்பதே நோக்கத்தக்கது. நெருங்கிப் பழகினால் தீண்டாமை அகலும் என்னும் கருத்து பரவலாக உண்டு. கொங்குப் பண்ணயத்தை அறிந்தோர் அதனை எளிதில் ஏற்கமாட்டார். தனிக் குவளையும் கொட்டாங்குச்சியும் விலகி வாழ்ந்தோரிடையே தோன்றியவை அல்ல. நாள்தோறும் முகம் பார்த்தோரிடையே புழங்கியவை.

விலக்கப்பட்டோரும் விலக்குவோரும்

1924ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாகப் பொதுச் சாலைகள், கிணறுகள் அனைவருக்கும் உரியன என்னும் அரசாணை பிறந்தது. அதே ஆண்டு நவம்பரில் பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர்த்திருவிழாவின்போது அக்கிரகாரத் தெருவில் நுழைந்த ஈழவர் தாக்கப்பட்டனர். அதனையடுத்து அவர்களுட் சிலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்தனர். கல்பாத்திப் போராட்டம் கேரளச் சமூகச் சீர்திருத்த வரலாற்றில் இடம்பெற்ற ஒன்று.

ஏறத்தாழத் தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் கழித்து, 2017ஆம் ஆண்டில், அதே மாவட்டத்து முதலமடை ஊராட்சியைச் சார்ந்த கோவிந்தாபுரம் அம்பேத்கர் குடியிருப்பில் வாழும் சக்கிலியர் குடும்பங்கள் தேநீர்க் கடைகளில் தனிக் குவளை, தண்ணீர்க் குழாயில் பாகுபாடு எனக் குற்றஞ்சாட்டின. சாதி கடந்த திருமணம் ஒன்றையொட்டிப் பூசல் முற்றியது. குற்றஞ்சாட்டப்பட்டோருள் கவுண்டரோடு ஈழவரும் இருந்தனர். பாகுபாடு ஏதுமில்லை என எதிர்த்தரப்பினர் மறுத்தனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 94 விழுக்காடு எழுத்தறிவு பெற்ற மாநிலத்தில், மாம்பழத்திற்குப் பெயர்பெற்ற ஓர் ஊராட்சியில் எழுந்த புகார் இது என்பதனால் அப்போது நாடெங்கும் பேசப்பட்டது.

குற்றச்சாட்டு உண்மையெனின், கல்பாத்தியில் அடிபட்டோரின் சாதியைச் சேர்ந்தோரே மற்றொரு சாதியை விலக்கியோராகின்றனர். தீண்டாமையின் துன்பத்தை அறிந்தவர் பிறர்க்கு அதனைச் செய்யார் என்னும் எதிர்பார்ப்பு இங்குப் பொய்க்கிறது. முன்னோர் பட்ட துன்பம் வீட்டில் கதையாகச் சொல்லப்படலாம். ஆனால் எந்தக் குவளையை எவருக்குக் கொடுப்பது என்பதைக் குழந்தை கதையிலிருந்து கற்பதில்லை, அடுப்படியிலிருந்து கற்கிறது. கொச்சி அரசில் சகோதரன் ஐயப்பன் 1917இல் செறாயியில் நடத்திய சமபந்தி உணவு, ஈழவர்க்கும் புலையர்க்கும் இடையிலிருந்த இத்தடையையே குறிவைத்தது. அதற்காக அவர் 'புலையன் ஐயப்பன்' எனத் தம் சமூகத்தாராலேயே இகழப்பட்டார். மேலிருந்து வரும் இழிவை எதிர்ப்பதைவிடக் கீழ்நோக்கிய விலக்கைக் கைவிடுவது கடினம் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

இவ்வளர்ப்பு வன்முறையாக முதிர்வதும் உண்டு. 2020 டிசம்பர் 25 அன்று பாலக்காடு மாவட்டம் தேங்குறிச்சியில் சாதி கடந்து மணந்த இளைஞர் ஒருவர் பெண்ணின் தந்தையாலும் மாமனாலும் கொல்லப்பட்டார். 2024 அக்டோபரில் இருவர்க்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் தலித் இளைஞர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதும் சாதி கடந்த மணத்தையொட்டியே. அதில் உயிர் தப்பிய அவர் மனைவி பின்னர்ச் சாதி ஒழிப்புப் பணியில் ஈடுபட்டார். சாதி கடந்த மணத்தை ஏற்காத ஒரு வீட்டில் வளர்ந்தவரே இவ்வாறு வெளியேறவும் கூடுமாயின், வளர்ப்பை விதியெனக் கொள்ள இடமில்லை. கொலை செய்தோரை வளர்ப்பைக் காட்டி மன்னிக்கவும் இடமில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரை உடன்பயின்றோர் வெட்டியதை அடுத்துத் தமிழக அரசு நீதியரசர் சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழு அமைத்தது. 2024இல் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, மாணவர் சாதி அடையாளக் கயிறுகள் அணிவதைத் தடைசெய்தல், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல் முதலியவற்றைப் பரிந்துரைத்தது. இவை வேண்டுவனவே. எனினும் 1924ஆம் ஆண்டு ஆணை தெருவோடு நின்றதுபோல, இவை பள்ளி வாயிலோடு நிற்பவை. மீனாட்சிபுரம் போன்ற இருமொழிப் பகுதிகளில் குழந்தைகள் சாதி சார்ந்த விளிமுறைகளை எந்த அகவையில் கற்கின்றனர், தமிழில் ஒருமையில் அழைக்கப்படுபவர் மலையாளத்திலும் அவ்வாறே அழைக்கப்படுகின்றனரா, வீட்டு மொழியும் பள்ளி மொழியும் வேறாகும்போது விளிமுறை மாறுகின்றதா என்பன களஆய்வின் வழியே விடை காணவேண்டிய வினாக்களாகும்.