போர்க்காலத்துக் கொல்லையும் அடுக்களையும்

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, பிரிட்டன் தன் உணவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கப்பல்களில் வரவழைத்துக்கொண்டிருந்தது. கனடாவின் கோதுமை, டென்மார்க்கின் வெண்ணெய், ஸ்பெயினின் ஆரஞ்சு எல்லாமே கடல் வழியாகத்தான் வரவேண்டும். அக்கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கின. ஒரு தீவு நாட்டைப் பட்டினி போட்டே பணிய வைத்துவிடலாம் அல்லவா?

உள்நாட்டில் விளைவதை மட்டும் உண்டு மக்களால் உடல் வலுவுடன் உழைக்க முடியுமா என்ற கேள்விக்கு உடனே விடை தேவைப்பட்டது. கேம்பிரிட்ஜில் மெக்கான்ஸ் என்ற மருத்துவரும், எல்சி விடோசன் என்ற அம்மையாரும் தங்கள் உடலிலேயே இதைச் சோதித்துப் பார்த்தனர். தோழர்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரே முட்டை, இறைச்சியும் மீனுமாகச் சுமார் 450 கிராம், நாளுக்குச் சிறிதளவு பால் என்று கட்டுப்பாட்டு உணவை மேற்கொண்டனர். முழுக்கோதுமை ரொட்டி, உருளைக்கிழங்கு, காய்கறி ஆகியவற்றுக்கு மட்டும் அளவில்லை. சில மாதங்கள் இப்படி உண்டபின், குளிர்காலத்தில் ஏரி மாவட்டத்து மலைகளில் மூட்டை சுமந்து ஏறினார்கள். யாரும் தளரவில்லை. வயிற்றில் வாயுத் தொல்லையும், முரட்டு ரொட்டியை மென்று தீர்க்க ஆகும் நேரமுமே பெரிய குறைகள்!

ஆனால் ஒரு சிக்கல் வெளிப்பட்டது. கோதுமைத் தவிட்டிலுள்ள பைட்டிக் அமிலம் சுண்ணாம்புச்சத்துடன் பிணைந்து, அது குடலில் உறிஞ்சப்படாமல் தடுத்துவிடுகிறது. இதற்கு அவர்கள் கண்ட மருந்து எளியது: மாவிலேயே சுண்ணத்தூளைக் கலந்துவிடுவது. தவிட்டில் ஒரு பகுதியை நீக்காமல் அரைத்த மாவில் 1942 முதல் சுடப்பட்ட 'தேசிய ரொட்டி' பழுப்பு நிறமாக இருந்தது. அதை விரும்பி உண்டவர் சிலரே.

பங்கீடு 1940 ஜனவரி 8-இல் தொடங்கியது. முதலில் ஆளுக்கு வாரம் ஒன்றுக்குப் பன்றி இறைச்சி 113 கிராம், வெண்ணெய் 113 கிராம், சர்க்கரை 340 கிராம். காய்கறிக்கும் உருளைக்கிழங்குக்கும் பங்கீடு இல்லை. அவற்றை மக்களே விளைவிக்கலாம் என்பதுதான் திட்டம். 'வெற்றிக்காக மண்ணைக் கொத்துங்கள்' என்ற இயக்கம் 1939 அக்டோபரிலேயே தொடங்கியிருந்தது. 90 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ள துண்டு நிலத்தில் எந்த மாதம் எதை நட்டால் ஆண்டு முழுதும் காய்கறி கிடைக்கும் என்று வரைபடங்களை அச்சிட்டு வழங்கினார்கள். முட்டைக்கோசு எடுத்த இடத்தில் அடுத்து அவரை இனம், பின் கிழங்கு என்று பயிரை மாற்றிப் போடுவதும், அடுக்களைக் கழிவை மக்கவைத்து உரமாக்குவதும் அதில் அடக்கம். லண்டன் கோட்டையின் அகழியில்கூடக் காய்கறி விளைந்தது. வாடகைத் தோட்டத் துண்டுகள் 1939-இல் சுமார் 8 லட்சம். 1943-இல் 14 லட்சம்.

உணவு அமைச்சரான உல்ட்டன் பிரபு கடை நடத்திப் பழகியவர். சரக்கை விற்கும் வித்தை தெரிந்தவர். அவருக்கு அறிவியல் ஆலோசகர் ஜாக் டிரம்மண்ட் என்ற உயிர்வேதியியல் அறிஞர். நாள்தோறும் காலையில் வானொலி ஐந்து நிமிடம் சிக்கனச் சமையல் சொல்லிக்கொடுத்தது. கிழங்கைத் தோலோடு வேகவை. காய் வேகவைத்த நீரைக் கொட்டாதே. நம் வீடுகளில் வடித்த கஞ்சியைக் கொட்டாதே என்று பாட்டிமார் சொன்னதும் இதே கணக்குதான்: நீரில் கரையும் வைட்டமின்கள் நீரோடு போய்விடும். எரிபொருளை மிச்சம் பிடிக்க 'வைக்கோற்பெட்டி' பயன்பட்டது. கொதி வந்த பாத்திரத்தை மூடி, சுற்றிலும் வைக்கோல் திணித்த பெட்டியில் வைத்துவிட்டால், வைக்கோலிடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தை வெளியேறவிடாது. சில மணி நேரத்தில் உணவு தானே வெந்திருக்கும். ஆரஞ்சு வராத குறையைத் தீர்க்க, வேலியோரக் காட்டு ரோஜாவின் காய்களைப் பள்ளிப் பிள்ளைகள் பறித்தனர். அவற்றிலிருந்து வைட்டமின் சி நிறைந்த பாகு காய்ச்சப்பட்டது.

கேரட் மிகுதியாக விளைந்ததால் ஒரு கதையும் பிறந்தது. இரவில் பகை விமானங்களை வீழ்த்திய கன்னிங்ஹாம் என்ற விமானிக்குக் கேரட் தின்றே கண் கூர்மையாயிற்று என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் விமானத்தில் இருந்த ராடார் கருவியே காரணம். அது இரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது மெய். போதிய அளவு உள்ளவருக்கு மேலும் கேரட் தின்பதால் இருட்டு விலகிவிடாது.

போர் முடிந்தபோது பிரிட்டனில் குழந்தை இறப்பு வீதம் போருக்கு முந்தியதைவிடக் குறைவாகவே இருந்தது. பணக்காரரின் தட்டு சுருங்கியது. ஏழையின் தட்டில் சற்றே நிறைந்தது. பாராட்டத்தக்க சாதனைதான். ஆனால் அதே பேரரசின் ஆளுகையில் இருந்த வங்காளத்தில் 1943-இல் சுமார் 30 லட்சம் மக்கள் பஞ்சத்தில் மாண்டனர் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. அங்கே இப்படிக் கணக்கிட்டுப் பங்கிட எவரும் முன்வரவில்லை.

பங்கீடு 1954-இல் முற்றிலும் நீங்கிற்று. தேசிய ரொட்டி 1956-இல் மறைந்தது. மக்கள் ஆவலோடு வெள்ளை ரொட்டிக்கே திரும்பினர். போர்க்காலத்தில் கலந்த சுண்ணம் மட்டும் வெள்ளை மாவில் இன்றும் சட்டப்படி கலக்கப்பட்டு வருகிறது.