முழங்கை, முழங்கால், முழம்

பழவேற்காடு ஏரியில் தண்ணீரின் ஆழத்தை உடம்பை வைத்தே சொல்லிவிடலாம்: கணுக்கால் தண்ணி, மொழங்கால் தண்ணி, இடுப்பளவுத் தண்ணி. ஆழம் குறைந்த ஏரி. பல இடங்களில் இதற்கு மேல் அளவு தேவைப்படாது. கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் தவழ்ந்தபடியே சேற்றைத் துழாவுகிறார்கள். முழங்காலும் மடங்கியிருக்கிறது, முழங்கையும் மடங்கியிருக்கிறது.

காலுக்கும் கைக்கும் பொதுவான அந்த 'முழ' எது? பொன்னேரிக் கடைத்தெருவில் பூக்காரம்மா முழம் போடுவதைப் பாருங்கள். சரத்தின் நுனியை நடுவிரலில் பிடித்து முழங்கை முனைவரை இழுக்கிறார். முழம் என்ற அளவே அந்த மூட்டில்தான் முடிகிறது. கரும்பின் கணுவுக்கும் உடம்பின் மூட்டுக்கும் 'மொழி' என்றொரு பழஞ்சொல் உண்டு. அதுவும் இந்தக் குடும்பத்துச் சொல்தான் என்பது என் எண்ணம். சங்கப் பாடல்களில் பிடியானைக்கும் 'முழந்தாள்' உண்டு.

ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. அக்கரையில் முழம் 'மூர', முழங்கால் 'மோகாலு', முழங்கை 'மோசேயி'. நம் 'பொழுது' 'போது' ஆனதுபோலவே அங்கே ழகரம் கரைந்து உயிர் நீண்டிருக்கிறது. கன்னடத்தில் மொணகால், மொணகை. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (இரண்டாம் பதிப்பு 1984) முழம், முழங்கால், மோகாலு எல்லாவற்றையும் ஒரே பதிவில் வைக்கிறது.

இந்தச் சொல்லில் என்னை வியக்கவைப்பது அதன் கூர்மை. தோளும் இடுப்பும் பந்துக்கிண்ண மூட்டுகள். எல்லாப் பக்கமும் சுழலும். முழங்கையும் முழங்காலும் கதவுபோல மடங்கி நிமிரும் கீல் மூட்டுகள். (மடக்கிய முழங்கால் சற்றே திரும்பவும் செய்யும்.) கை முன்பக்கம் மடங்குகிறது, கால் பின்பக்கம் மடங்குகிறது, ஆனாலும் இரண்டும் ஒரே இனம் என்று கண்டுதான் ஒரே முன்னொட்டைக் கொடுத்திருக்கிறார்கள். உடற்கூற்றியலும் அவற்றை ஒரே வகையில்தான் சேர்க்கிறது.

இன்று மருத்துவமனை வரிசையில் 'முட்டி வலி'தான் அதிகம் காதில் விழுகிறது. மடக்கிய கைவிரல்களுக்கும் முட்டி என்றுதான் பெயர். அது வடமொழி முஷ்டியிலிருந்து வந்தது. கால் முட்டியாகிவிட்டால் முழங்கை துணையில்லாமல் நிற்கும். பாடநூல் எழுதுவோர் முழங்காலை விட்டுவிடக் கூடாது.