வண்டலூர் உயிரியல் பூங்கா

சென்னையின் தெற்கு எல்லையில், செங்கல்பட்டு மாவட்டம் வண்டலூரில் அமைந்துள்ளது அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. 602 ஹெக்டேர் பரப்பளவில் விரிந்த இது இந்தியாவின் மிகப் பெரிய உயிரியல் பூங்காக்களுள் ஒன்று. வண்டலூருக்கு வருமுன் இப்பூங்கா சென்னை நகருக்குள்ளேயே இரண்டு இடங்களில் இருந்தது. ஒவ்வோர் இடமாற்றத்திற்கும் ஒரு காரணம் உண்டு.

எழும்பூரில் தொடக்கம்

சென்னை அருங்காட்சியகம் 1851-ல் நுங்கம்பாக்கத்தில், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கப்பட்டது. பின்னர் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு மாறியது. அதன் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் ஒரு மருத்துவர். பாடம் செய்யப்பட்ட விலங்குகளைக் காட்டிலும் உயிருள்ள விலங்குகளைக் காணவே மக்கள் திரண்டு வருவதை அவர் கவனித்தார். கர்நாடக நவாபிடம் பேசி, அவர் வளர்த்துவந்த விலங்குகள் அனைத்தையும் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகப் பெற்றார். இவ்வாறு 1855-ல் தோன்றியதே சென்னை விலங்குக் காட்சிசாலை. ஓராண்டுக்குள் பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன என 300-க்கும் மேற்பட்ட உயிர்கள் அங்கே சேர்ந்துவிட்டன.

சென்னைவாசிகள் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தனர். அருங்காட்சியகம் முதலில் ஒரு கல்லூரிக் கட்டடத்தில் இருந்ததால் 'காலேஜ்' என்ற சொல் ஒட்டிக்கொண்டது என்பர். இரண்டு நிறுவனங்களுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

மூர் மார்க்கெட் அருகே

விலங்குகள் பெருகியதால் அருங்காட்சியக வளாகம் போதவில்லை. 1863-ல் காட்சிசாலை சென்னை மாநகராட்சியின் பொறுப்பில் மக்கள் பூங்காவுக்கு மாற்றப்பட்டது. இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி, 116 ஏக்கரில், ஆளுநர் சார்லஸ் டிரெவல்யனின் திட்டப்படி உருவான பூங்கா அது. அதன் ஒரு பகுதியில் விலங்குகள் வைக்கப்பட்டன. கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

பூங்காவாக விடப்பட்ட நிலம் வெகுகாலம் பூங்காவாக நீடிக்கவில்லை. விக்டோரியா பொது மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என ஒவ்வொன்றாக அந்த நிலத்தில் எழுந்தன. சுற்றிலும் போக்குவரத்தும் இரைச்சலும் பெருகின. 1970-களின் நடுப்பகுதியில் காட்சிசாலையை ஓர் அடிகூட விரிவாக்க இயலாத நிலை. கூண்டுக்குள் அடைபட்ட விலங்குக்கு ஓயாத இரைச்சல் என்பது பசியைப் போன்றதொரு துன்பம். அதனால் இடமாற்றம் நகரத்தின் வசதிக்காக மட்டும் செய்யப்பட்டது என்று கொள்ள முடியாது.

வண்டலூருக்கு

1976-ல் தமிழ்நாடு வனத்துறை வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் நிலத்தை ஒதுக்கியது. பணிகள் 1979-ல் தொடங்கின. 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். புதிய பூங்காவைத் திறந்து வைத்தார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், மே 30-ல், மூர் மார்க்கெட் தீக்கிரையாகியிருந்தது. பழைய சென்னையின் இரண்டு அடையாளங்கள் ஒரே ஆண்டில் அந்த இடத்தை விட்டு நீங்கின.

புதிய பூங்காவில் இரும்புக் கூண்டுகளுக்குப் பதிலாகப் பெரும்பாலும் அகழிகளே விலங்குகளையும் மனிதர்களையும் பிரிக்கின்றன. உள்ளே மரமும் புதரும் நிழலும் உண்டு. "இவ்வளவு தூரம் வந்தும் புலியைக் காணோம்" என்று சலித்துக்கொள்ளும் பார்வையாளர்கள் பலர். புலி மறைந்துகொள்ள இடம் இருக்கிறது என்பதே பழைய காட்சிசாலைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு.

கம்பி வலையிட்ட வாகனத்தில் சென்று சிங்கங்களைப் பார்க்கும் உலா, வெள்ளைப் புலி, நீர்யானை, காட்டெருது, இரவு விலங்குகள் இல்லம், பாம்புகள் இல்லம், வண்ணத்துப்பூச்சிப் பூங்கா ஆகியவை மக்களைக் கவர்பவை. பூங்காவுக்குள் இருக்கும் ஓட்டேரி ஏரிக்கு வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நீர்ப்பறவைகள் தாமாகவே வருகின்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரி வறண்டதும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் சிங்கவால் குரங்கை இனப்பெருக்கம் செய்து காப்பதும் இப்பூங்காவின் பணிகளுள் ஒன்று. கூட்டம் அதிகம் நிற்காத இடம் அது. பூங்காவின் முதன்மையான வேலை நடப்பதும் அங்கேதான். கடத்தல்காரர்களிடமிருந்து மீட்கப்பட்ட விலங்குகளையும் கைவிடப்பட்ட விலங்குகளையும் பராமரிக்க 2001-ல் பக்கத்து நிலமும் சேர்க்கப்பட்டது.

இரண்டு சோதனைகள்

2016 டிசம்பர் 12-ல் வீசிய வர்தா புயல் பூங்காவின் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. பாதைகளைச் சீரமைக்கும்வரை பூங்கா மூடப்பட்டிருந்தது.

இரண்டாவது சோதனை கண்ணுக்குத் தெரியாதது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது பார்வையாளர்கள் எவரும் இல்லை. ஆனாலும் சிங்கங்கள் இருமின, இரை எடுக்க மறுத்தன. மாதிரிகள் போபாலில் உள்ள விலங்கு நோய் ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டன. 9 சிங்கங்களுக்குத் தொற்று உறுதியானது. ஜூன் 3 அன்று நீலா என்ற 9 வயதுப் பெண் சிங்கமும், ஜூன் 16 அன்று 12 வயது ஆண் சிங்கமும் இறந்தன. மனிதர்களிடையே அப்போது பரவிக்கொண்டிருந்த அதே டெல்டா வகைக் கிருமியே சிங்கங்களிடமும் காணப்பட்டது. நகரத்தின் இரைச்சலுக்குத் தப்பி 30 கிலோமீட்டர் தள்ளி வந்த விலங்குகளை நகரத்தின் நோய் தேடி வந்து சேர்ந்தது.

காணும் பொங்கலன்று பல்லாயிரம் பேர் குடும்பத்தோடு இங்கே கூடுகின்றனர். பூங்காவின் உள்ளே நடப்பதற்குத் தொலைவு அதிகம் என்பதால் மின்கல வண்டிகளும் வாடகை மிதிவண்டிகளும் உள்ளன. செவ்வாய்க்கிழமை வார விடுமுறை.