பையில் 200 கிராம் போதும்.. மலையேற்றத்துக்கு ஃப்ளை ஃபிஷிங் கருவிகளை எடுத்துச் செல்வது எப்படி?

ஆரணி பக்கத்தில் இருக்கும் படவேட்டுக்காரர்களுக்குப் பட்டு நூல் புதிதல்ல, தூண்டிலும் புதிதல்ல. இரண்டும் ஒன்றுசேர்ந்த இடம்தான் ஃப்ளை ஃபிஷிங். நைலான் வருவதற்கு முன்பு, இதற்கான லைனைப் பட்டு நூலில்தான் பின்னினார்கள்.

ஃப்ளை ஃபிஷிங் என்றால் என்ன?

சாதாரணத் தூண்டிலில் இரையின் எடையோ ஈயக் குண்டோ நரம்பை இழுத்துச் செல்லும். இதில் இரையே கிடையாது. இறகும் நூலும் சுற்றிப் பூச்சி போலச் செய்த முள்தான் 'ஃப்ளை'. அதற்கு எடையே இல்லாததால், தடிமனான லைனைத்தான் வீச வேண்டும். லைனோடு ஃப்ளையும் போய் விழும்.

தமிழ்நாட்டில் எங்கே?

இதற்குப் பேர்போன இடம் நீலகிரி. குளிர்ந்த நீரில் வாழும் ட்ரவுட் இந்த மண்ணின் மீன் அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்தது. 1907-ல் ஹெச்.சி.வில்சன் முயற்சியில் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைந்தது.

எதை விடலாம்?

உண்மையில் கருவிகள் கனமில்லை, கூட வருவதுதான் கனம். இடுப்பளவு தண்ணீரில் நிற்க உதவும் வேடர் உடையும் அதற்கான பூட்ஸும் மட்டுமே 2 கிலோவைத் தொடும். சின்ன ஓடைக்கு இரண்டும் வேண்டாம், கரையில் நின்றே வீசலாம். ராடு வைக்கும் அலுமினியக் குழாய் ராடைவிடக் கனம். துணி உறையில் சுற்றி, பையின் ஓரத்தில் கட்டினால் போதும்.

எதை எடுக்கலாம்?

* 9 அடி ராடு: நான்கு துண்டாகக் கழற்றினால் சுமார் 70 செ.மீ. எடை 100 கிராம் அளவில்.
* ரீலும் லைனும்: சுமார் 200 கிராம்.
* 10, 12 ஃப்ளை வைத்த சின்ன டப்பா, ஒரு சுருள் மெல்லிய நரம்பு, நகவெட்டி, முள் எடுக்கும் ஃபோர்செப்ஸ்.

எல்லாம் சேர்ந்தும் அரை கிலோவுக்குள் முடிந்துவிடும்.

இன்னும் குறைக்கணுமா?

ஜப்பானின் 'தென்காரா' முறைக்கு ரீலே கிடையாது. நம்ம ஊர் மூங்கில் தூண்டில் மாதிரி, நுனியிலேயே லைனைக் கட்டிவிடுவார்கள். விரித்தால் சுமார் 12 அடி, மடக்கினால் அரை மீட்டர். மொத்தக் கருவியும் 200 கிராமுக்குள் அடங்கும். ஆனால் தூரமாக வீச முடியாது. ஓடைக்கு சரி, அணைக்கு சரிவராது.

கவனம் தேவை

கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்குக் கீழே விரிக்கக் கூடாது. இடி இடித்தால் உடனே மடக்கிவிட வேண்டும். அறுந்த நரம்பை ஓடையோரம் போடாதீர்கள், பறவைகளின் காலில் சிக்கும். முள்ளில் பின்னோக்கி நிற்கும் சின்னக் கூரைக் குறடால் நசுக்கிவிட்டால், மீனை அதிகக் காயமில்லாமல் திரும்ப விடலாம்.

அனுமதி?

வனத்துறை அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதே குற்றம். முக்கூர்த்தி தேசியப் பூங்கா என்பதால் அங்கே மீன் பிடிக்க முடியாது. 2024-ல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் மலையேற முன்பதிவு செய்யலாம். ஆனால் மலையேற்ற அனுமதி வேறு, மீன்பிடி அனுமதி வேறு. மீன்வளத்துறையிடமும் கேட்டுவிட்டு, அதன் பிறகு பையைக் கட்டுவதே நல்லது.