முத்தும் மூச்சும்

‘முத்துக் குளித்தவர்கள் கல்லோடு கடலில் இறங்கியது ஏன்?’ தலைமன்னார் மாணவனொருவன் கேட்டான்.

கைகால்களை உழைக்கவைத்தால் பிராணவாயு விரைந்து தீரும். கல்லின் எடையே கீழிறக்கியது. தோழனின் கயிறு மேலேற்றியது. மிஞ்சிய மூச்சு சிப்பி பொறுக்க உதவிற்று. 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகி, நெஞ்சிலுள்ள காற்று பாதியாகச் சுருங்கும். ஏட்டில் கல்லாத இவ்விதிகளை அவர்கள் உடலால் அறிந்திருந்தனர்.

1902இல் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் மன்னார்க் கடலுக்கு வந்து சிப்பியை ஆராய்ந்தார். 1905இல் மறிச்சுக்கட்டியில் எடுத்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குச் சென்றது. மூச்சடக்கியோர்க்கு எஞ்சியது ஒரு பங்கே.

முத்தின் விலையை உலகம் அறியும்; அதற்கு ஈந்த மூச்சின் விலை என்ன? விஞ்ஞானப் பாடத்தோடு இவ்வினாவையும் சேர்த்தே கேட்போம்.