ஜாமர்கோட்ரா கற்கள் கூறும் வரலாறு

வரலாறு என்றதும் அரசர்களையும் போர்களையும் நினைக்கிறோம். கல்வெட்டு தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே கல்லில் பதிந்த வரலாறு ஒன்று உண்டு. அதன் ஓர் ஏடு ராஜஸ்தானத்தில், உதயப்பூருக்கு அருகே, ஜாமர்கோட்ராவில் இருக்கிறது.

அங்குள்ள பாறைகளில் தூண் போலவும் கவிகை போலவும் எழுந்த மெல்லிய அடுக்குகளைக் காண்கிறோம். இத்தகைய கற்களுக்கு 1908ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் கல்கோவ்ஸ்கி இட்ட பெயரே இன்று 'ஸ்ட்ரொமட்டோலைட்' என வழங்குகிறது. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள், ஆழமற்ற கடல்நீரில் பாய் விரித்தாற்போல் படர்ந்து, வண்டலைப் பற்றி நிறுத்தி, அடுக்கடுக்காக எழுப்பியவை இவை. இவற்றின் வயது 170 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

அதற்கும் வெகு காலத்திற்கு முன், பூமியின் காற்றில் பிராணவாயு அநேகமாக இல்லை. கதிரவன் ஒளியால் நீரைப் பகுத்து உணவு ஆக்கிய நீலப்பச்சை நுண்ணுயிர்கள் அதனைக் கழிவாக வெளியிட்டன. கடலில் கரைந்திருந்த இரும்போடு கூடி அது துருவாகப் படிந்தது. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றிலும் தங்கத் தொடங்கிற்று. அதுகாறும் வாழ்ந்த பல உயிர்களுக்கு அது நஞ்சாயிற்று. ஆயினும் அதே வாயுவிலிருந்து வானில் ஓசோன் திரை அமைந்தது. பிற்காலத்து உயிர்கள் நிலத்தில் ஏறி வாழ அத்திரை காப்பாயிற்று.

பூமியும் வாளா இருந்துவிடவில்லை. மழை மலையை அரித்துப் பாஸ்பரஸ் சத்தைக் கடலுக்குக் கொணர்ந்தது. அச்சத்தின்றி எவ்வுயிரும் வளராது. ஜாமர்கோட்ராவில் அது நுண்ணுயிர் அடுக்குகளிலேயே செறிந்து பாறையாயிற்று. 1968ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட அப்பாறையை வெட்டி, உரமாக்கி, வயலுக்கு இடுகிறோம். உயிர் பாறையாயிற்று, பாறை உணவாகிறது.

உரமும் வேண்டும், ஏடும் அழியலாகாது. ஆகவே அங்கு ஒரு பகுதி தேசிய நிலவியல் சின்னமாகக் காக்கப்படுகிறது.

இன்று காற்றை மாற்றுவோர் நாமே. 1958ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு ஏறத்தாழ 315 பங்கு. 2024இல் 420க்கும் மேல். நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளில், அறியாமற் செய்த காரியத்தை நாம் சில தலைமுறைகளுக்குள், அறிந்தே செய்கிறோம். அறிந்து செய்வோருக்கு நிறுத்தவும் இயலும் அன்றோ?